வளையும் அலுமினியத் தாளில் குறைவெப்ப நுண்பிளாஸ்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்பிளாஸ்மா என்பது எவ்வளவு சிறியது?

பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த, மின்சாரம் கடத்தும் வாயு. அதன் ஒரு பக்கமாவது 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதை நுண்பிளாஸ்மா என்பார்கள். இங்கே பேசப்போவது 100 முதல் 250 மைக்ரான் விட்டமுள்ள துளைகளுக்குள் எரியும் பிளாஸ்மாவைப் பற்றி. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் குழு 1990-களின் இறுதியில் சிலிக்கானில் இப்படிப்பட்ட குழிகளை உருவாக்கியது. பிறகு அதே வேலை அலுமினியத் தாளுக்கும் கம்பி வலைக்கும் வந்தது. சிலிக்கான் உடையும், விலையும் அதிகம். அலுமினியம் வளையும், அதன் மேல் மின்காப்பைத் தனியாகப் பூச வேண்டியதும் இல்லை, அந்த உலோகத்திலிருந்தே வளர்த்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரான் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும் என்கிறார்கள். தாள் உருகிவிடாதா?

உருகாது. 1 எலக்ட்ரான்வோல்ட் என்பது சுமார் 11,600 கெல்வின். எலக்ட்ரான்கள் அந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கும், ஆனால் வாயு அணுக்கள் அறை வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். காரணம் எடை வித்தியாசம். ஒரு சாதாரண மோதலில் எலக்ட்ரான் தன் ஆற்றலில் சுமார் 3,600-இல் ஒரு பங்கைத்தான் ஹீலியம் அணுவுக்குக் கொடுக்கும். ஆர்கானுக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு.

துளை சிறியதாக இருப்பதும் உதவுகிறது. 200 மைக்ரான் துளையின் நடுவில் உண்டாகும் சூடு ஹீலியம் வழியாகச் சுவரை எட்டப் பத்திருபது மைக்ரோநொடிகள் போதும். சுவருக்குப் பின்னால் இருப்பது வெப்பத்தை நன்றாகக் கடத்தும் அலுமினியம். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 50 மைக்ரோநொடிகள் ஆகும். ஆக, ஒவ்வொரு சுழற்சியின் சூடும் அடுத்தது வருவதற்குள் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. வாயுவின் உண்மையான வெப்பநிலை தெரிய வேண்டுமானால், சிறிது நைட்ரஜன் கலந்து 337.1 நானோமீட்டர் ஒளிப்பட்டையில் மூலக்கூறுகளின் சுழல்வால் உண்டாகும் நுண்ணமைப்பை நிறமாலைமானியில் பாருங்கள். தாளில் ஒட்டிய தெர்மோகப்பிள் தாளின் சூட்டை மட்டுமே சொல்லும்.

செம்பு, எஃகு, டைட்டானியம் ஏன் கூடாது?

செம்பிலும் எஃகிலும் நல்ல மின்காப்பு ஆக்சைடு வளராது. பாலிஇமைடு போன்ற பாலிமரைப் பூசலாம். ஆனால் வாயுவில் ஆக்சிஜன் இருந்தால் பிளாஸ்மா அதை மெல்ல அரித்துத் தின்றுவிடும். டைட்டானியத்தில் ஆக்சைடு வளரும், அதன் மின்கசிவுதான் தொல்லை. அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, படலம் கடினமானது, ஒளியை ஊடுருவ விடும், பிளாஸ்மாவைத் தாங்கும். அமில வாளியும் நேர்மின் சப்ளையும் இருந்தால் வளர்த்துவிடலாம். இந்த வேலைக்கு அலுமினியம்தான் முதல் தேர்வு.

கடையில் விற்கும் உணவு சுற்றும் தாள் போதுமா?

போதாது. அதன் தடிமன் சுமார் 15 முதல் 20 மைக்ரான்தான். ஒரு பக்கம் 20 மைக்ரான் ஆக்சைடு வளர்க்கச் சுமார் 14 மைக்ரான் அலுமினியம் செலவாகும், இரு பக்கமும் சேர்த்து 28. தாள் முழுக்க ஆக்சைடாகி, கையில் எடுத்ததும் நொறுங்கும். 100 முதல் 125 மைக்ரான் தடிமனில், 99.99% தூய்மையுள்ள தாளை வாங்குங்கள். தூய்மை வெறும் ஆடம்பரம் அல்ல. இரும்பு, சிலிக்கான் துகள்கள் இருக்கும் இடத்தில் ஆக்சைடு சரியாக வளராது, பின்னால் மின்சாரம் அங்கேதான் துளைத்துக்கொண்டு போகும்.

சாதனத்தின் அமைப்பு என்ன?

ஒரே மாதிரித் துளையிட்ட இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் மேல், கீழ், துளைச் சுவர் என எல்லா இடத்திலும் ஆக்சைடு மூடியது. துளைகள் நேர்க்கோட்டில் வருமாறு ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தி வைத்து, இரண்டுக்கும் நடுவே மாறுமின்னழுத்தம் கொடுத்தால், துளைக்குள் மேல் சுவருக்கும் கீழ்ச் சுவருக்கும் இடையே பிளாஸ்மா எரியும்.

முதல் முயற்சிக்கு 3 × 3 சென்டிமீட்டர் பரப்பு போதும். துளைகள் 200 மைக்ரான் விட்டம், மையத்துக்கு மையம் 400 அல்லது 500 மைக்ரான். ஒவ்வொரு தாளிலும் 1 சென்டிமீட்டர் அகல நாக்கு ஒன்றை விட்டு வெட்டுங்கள், மின்இணைப்பு அங்கேதான். இரண்டு நாக்குகளும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

துளைகளை எப்படிப் போடுவது? எப்போது போடுவது?

ஆக்சைடு வளர்ப்பதற்கு முன். இதில் மட்டும் மாற்றுப் பேச்சே இல்லை. பிறகு துளைத்தால் சுவரில் வெற்று உலோகம் தெரியும். தாளை வெட்டுவதும் அப்படியே: வெட்டி, துளைத்து, பிசிறு நீக்கி, அதன் பிறகே அமிலத் தொட்டி.

நுண்துரப்பணம், லேசர், ஒளிப்படிவ முறையில் அரித்தல் என மூன்று வழிகள் உண்டு. துரப்பணமானால் தாளை இரண்டு பேக்கலைட் தகடுகளுக்கு நடுவே இறுக்கித் துளையுங்கள், வெளியேறும் பக்கத்தில் பிசிறு குறையும். லேசர் துளையின் விளிம்பில் உருகி உறைந்த வளையம் நிற்கும். ரசாயன அரிப்பில் பிசிறு இல்லை, ஆனால் துளை அகலமாகிச் சுவர் சாய்வாக வரும். ஆக்சைடு வெளிப்பக்கமாகவும் வளர்வதால் துளை சுருங்கும்: 20 மைக்ரான் படலத்துக்கு விட்டத்தில் சுமார் 12 மைக்ரான். இறுதியில் 200 வேண்டுமானால் 212-இல் தொடங்க வேண்டும்.

துளை விளிம்புக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

இந்தச் சாதனம் சாகும் இடம் பெரும்பாலும் அதுதான். ஆக்சைடு எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாக வளர்கிறது. தட்டைப் பரப்பிலிருந்து மேல்நோக்கியும் துளைச் சுவரிலிருந்து பக்கவாட்டிலும் வளரும் இரண்டு படலங்களும் கூர்மையான மூலையில் சரியாகச் சேராமல் நடுவே ஆப்பு வடிவில் ஒரு விரிசலை விடும். அதன் அடியில் கிட்டத்தட்ட வெற்று உலோகம். எதிர்த் தாளின் விளிம்பும் அதே இடத்தில் இருப்பதால் மின்புலம் உச்சத்தில் நிற்பதும் அங்கேயே. விளிம்பை 10 முதல் 20 மைக்ரான் ஆரத்துக்கு மழுக்கிவிட்டால் விரிசல் பெருமளவு குறையும். 5% சோடியம் ஹைட்ராக்சைடில் சற்று அதிக நேரம் விட்டால் பிசிறும் கூர்மையும் சேர்ந்தே கரையும். நுண்ணோக்கியில் 100 மடங்கில் விளிம்பைப் பாருங்கள், பளிச்சென்று மெல்லிய கோடு மின்னினால் இன்னும் கூர்மை போகவில்லை.

ஆக்சைடு வளர்க்கும் படிகளைச் சொல்லுங்கள்.

1. அசிட்டோனிலும் பிறகு ஐசோபுரோப்பனாலிலும் ஐந்தைந்து நிமிடம் கழுவுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

2. 5% சோடியம் ஹைட்ராக்சைடு, 50 டிகிரி செல்சியஸ், 30 நொடி. ஹைட்ரஜன் நுரைக்கும், அருகில் தீ வேண்டாம். விளிம்பு மழுங்க வேண்டுமானால் 30 நொடித் தவணைகளாகத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் தடிமனை அளந்துகொள்ளுங்கள்.

3. கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஒரு நிமிடம். சாம்பல் படிவு நீங்கி வெண்மையாகும். மீண்டும் அயனி நீக்கிய நீரில் அலசல்.

4. நாக்கின் முனையை அமிலம் தாங்கும் லாக்கரால் மூடுங்கள். அமில மட்டம் தொடும் கோட்டையும் மேலும் கீழும் 5 மில்லிமீட்டர் மூடுங்கள், இல்லையென்றால் தாள் அந்தக் கோட்டில் அறுந்து விழும்.

5. 0.3 மோலார் ஆக்ஸாலிக் அமிலம். கடையில் கிடைப்பது நீரேற்ற வடிவம், அதில் லிட்டருக்கு 37.8 கிராம். வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி. எதிர்மின்வாயாகத் தாளின் இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், தாளிலிருந்து 4 அல்லது 5 சென்டிமீட்டர் தள்ளி.

6. மின்னழுத்தத்தைச் சில நிமிடங்களில் 40 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். மின்னோட்டத்தைச் சதுர டெசிமீட்டருக்கு 0.5 ஆம்பியருக்கு மேல் விடாதீர்கள். 3 × 3 தாளின் இருபுறமும் சேர்த்து 0.18 சதுர டெசிமீட்டர், அதாவது 90 மில்லிஆம்பியர். நாக்கில் அமிலத்துக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கலக்க வேண்டும், துளைகளில் குமிழி தங்கினால் அந்தச் சுவர் வெறுமையாகிவிடும்.

7. நேரத்துக்கு ஒரு கணக்கு: 1 மைக்ரானுக்குச் சதுர டெசிமீட்டருக்கு 3 ஆம்பியர்-நிமிடம். 0.5 ஆம்பியரில் 6 நிமிடம், 20 மைக்ரானுக்கு 2 மணி நேரம். இந்தக் கணக்கு கந்தக அமிலத்தில் ஆக்சைடு வளர்க்கும் தொழிலில் இருந்து வந்தது. உங்கள் தொட்டிக்குச் சற்று மாறும், எனவே முதல் தாளைக் குறுக்கே வெட்டி அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

8. அயனி நீக்கிய நீரில் அரை மணி நேரம், நீரை இரண்டு மூன்று முறை மாற்றி.

நல்ல படலம் லேசான மஞ்சள் சாயலில் ஒரே சீராக இருக்கும்.

மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்ய?

உடனே நிறுத்துங்கள். இயல்பான ஓட்டத்தில் மின்னோட்டம் முதலில் எகிறி, விழுந்து, பிறகு ஒரு நிலைக்கு வந்து மெதுவாக மாறும். நிற்காமல் ஏறினால் ஓர் இடம் சூடாகிறது, சூட்டால் அங்கே அமிலம் வேகமாகக் கரைக்கிறது, அதனால் இன்னும் அதிக மின்னோட்டம். கருகிய வட்டம் ஒன்று விளிம்பில் தெரியும். குளிர்ச்சியும் கலக்கலும் போதாததே வழக்கமான காரணம். 10 × 10 தாளுக்கு 1 ஆம்பியர், 40 வோல்ட்டில் 40 வாட். ஒரு லிட்டர் அமிலத்தை அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூடாக்கும். பனிக்கட்டித் தொட்டிக்குள் வைத்த பெரிய பாத்திரம் வேண்டும். பிடிக்கும் கிளிப் செம்பாக இருந்து அமிலத்தில் நனைந்தாலும் மின்னோட்டம் முழுக்க அதன் வழியே போய்விடும். அலுமினியம் அல்லது டைட்டானியம் கிளிப்பே சரி.

ஆக்சைடுக்குள் இயல்பாகவே இருக்கும் நுண்துளைகளை (நாம் போட்ட 200 மைக்ரான் துளைகளை அல்ல) கொதிநீரில் அடைக்கலாமா?

கட்டடக்கலை அலுமினியத்துக்கு நல்லது, இங்கே வேண்டாம். கொதிநீர் அடைப்பில் நீர் ஆக்சைடோடு பிணைந்துவிடும், பிளாஸ்மா எரியும்போது அது மெதுவாக வெளியேறி வாயுவைக் கெடுக்கும். அடைக்காத தாளை 70 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஓரிரவு வைத்து உலர்த்துங்கள். 80-ஐத் தாண்ட வேண்டாம். அலுமினியம் டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு விரியும், ஆக்சைடு அதில் மூன்றில் ஒரு பங்குகூட விரியாது. சூடு ஏறும்போது படலம் இழுபட்டு மயிரிழை விரிசல் விடும்.

20 மைக்ரான் என்பது எப்படி வந்தது?

தாள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மொத்த மின்னழுத்தமும் இரண்டு படலங்களின் மேல்தான் விழும். 500 வோல்ட் உச்சம், 40 மைக்ரான்: மைக்ரானுக்கு 12.5 வோல்ட். குறையில்லாத இடம் இதைவிட அதிகம் தாங்கும். ஆனால் ஆயிரக்கணக்கான துளை விளிம்புகளில் மிக மோசமான ஒன்று தாங்குமா என்பதே கேள்வி. மைக்ரானுக்கு 15 வோல்ட்டைத் தாண்டாமல் திட்டமிடுவது நலம். 10 மைக்ரானில் நிறுத்தினால் வளைவது சுலபமாகும், ஆனால் பயன்படுத்தக்கூடிய மின்னழுத்தம் பாதியாகும். 40-க்குப் போனால் தாள் விறைக்கும்.

மின்னழுத்தம் கொடுப்பதற்கு முன் படலத்தைச் சோதிக்க முடியுமா?

முடியும், சோதிக்காமல் இயக்கவே கூடாது. இரண்டு தாள்களையும் அடுக்கி, காற்றிலேயே, 1 மெகாஓம் தடையத்தின் வழியாக 250 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுங்கள். ஜெர்மன் இயற்பியலாளர் பாஷென் 1889-இல் கண்ட விதிப்படி வாயு முறிவு மின்னழுத்தம் (வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் அளவு) அழுத்தமும் இடைவெளியும் பெருகிய அளவைப் பொறுத்தது, அதற்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. காற்றுக்கு அது சுமார் 330 வோல்ட், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 7.5 மைக்ரான் இடைவெளியில். 250 வோல்ட்டில் காற்று முறியாது. ஆகவே தொடக்கத் துடிப்பு அடங்கிய பின் தெரியும் மின்னோட்டம் முழுவதும் ஆக்சைடின் குறையே. ஒரு மைக்ரோஆம்பியருக்கு மேல் நின்றால் அந்த ஜோடியை ஒதுக்குங்கள்.

கெபாசிட்டன்ஸையும் அளந்துவிடுங்கள். அலுமினாவின் மின்கடவுமாறிலி சுமார் 9. 9 சதுர சென்டிமீட்டருக்கு, துளைப்பரப்பைக் கழிக்காமல், 1.8 நானோஃபாரட் வர வேண்டும். பாதிதான் வந்தால் தாள்களுக்கு நடுவே சராசரியாக 4 அல்லது 5 மைக்ரான் காற்று இருக்கிறது என்று பொருள். அது பரவாயில்லை. கால்வாசி வந்தால் ஒரு தாள் நெளிந்திருக்கிறது.

எந்த வாயுவில் தொடங்குவது?

ஹீலியம் அல்லது நியான், 400 முதல் 700 டார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தம் 760 டார்). சில நூறு வோல்ட்டில் எரியும், பரவலாக எரியும், தவறை மன்னிக்கும். நியானில் மிகச் சிறிதளவு, 0.1% போல, ஆர்கான் சேர்த்தால் பற்றும் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். தூய ஆர்கான் சற்று முரண்டு பிடிக்கும், இழை இழையாகப் பிரியும். காற்று கடினம்: 200 மைக்ரானுக்கு 1300 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், 20 மைக்ரான் படலத்துக்கு அது அதிகம்.

வாயு நிரப்பும் முன், சாதனம் இருக்கும் மூடிய வாயு அறையைக் குறைந்தது ஆயிரத்தில் ஒரு டார் அளவுக்கு வெற்றிடமாக்கி, ஒருமுறை ஹீலியம் நிரப்பி வெளியேற்றி, மறுபடி நிரப்புங்கள்.

மின்சப்ளை எப்படி இருக்க வேண்டும்?

10 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, உச்சம் 0 முதல் 600 வோல்ட் வரை சீராக மாற்றக்கூடியது. ஆடியோ பெருக்கியும் ஃபெரைட் உள்ளகமுள்ள டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தால் சிறிய சாதனத்துக்குப் போதும். இரும்பு உள்ளக டிரான்ஸ்ஃபார்மர் இந்த அதிர்வெண்ணில் சூடாகித் திணறும்.

பலர் தடுக்கி விழும் இடம், சாதனம் ஒரு பெரிய கெபாசிட்டர் என்பதை மறப்பது. 1.8 நானோஃபாரட்டுக்கு 20 கிலோஹெர்ட்ஸ், 500 வோல்ட்டில் உச்ச மின்னோட்டம் 0.11 ஆம்பியர். அதே வடிவத்தை 10 × 10 சென்டிமீட்டராக்கினால் 20 நானோஃபாரட், 1.26 ஆம்பியர், 300 வோல்ட்-ஆம்பியருக்கு மேல். பிளாஸ்மா எடுப்பது அதில் சிறு பகுதிதான், மீதி போய்வந்துகொண்டிருக்கும். இணையாக 3.2 மில்லிஹென்றி சுருள் சேர்த்தால் அந்தப் போக்குவரத்து சுருளுக்கும் சாதனத்துக்கும் இடையே முடிந்துவிடும், சப்ளை தப்பிக்கும்.

நேர்மின்சாரம் போதாதா?

ஆக்சைடு மூடிய மின்வாய்களில் நிலையாக எரியாது. வெற்று உலோகமானால் எரியும், ஆனால் முதலில் பற்றிய துளையே மற்றவற்றின் மின்னோட்டத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், துளைக்கு ஒரு தடையம் வைக்க வேண்டியதாகும். ஆக்சைடு இருந்தால் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிக் கெபாசிட்டர் இயல்பாகவே கிடைக்கிறது. தன் பங்கு மின்னூட்டம் சேர்ந்ததும் அந்தத் துளை தானாக அணைந்து அடுத்ததற்கு வழி விடும்.

சில துளைகள் மட்டும் எரியவில்லை.

மின்னழுத்தத்தை 10% உயர்த்திப் பாருங்கள். அதில் எரிந்தால் விட்ட வேறுபாடுதான் காரணம். விட்டம் 5%-க்குள் ஒத்திருந்தால் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றும். ஒரு மூலை முழுவதும் இருட்டாக இருந்தால் இரண்டு தாள்களின் துளைகளும் அங்கே விலகியுள்ளன. எதிரெதிர் மூலைகளில் பெரிய வழிகாட்டித் துளைகள் இரண்டு வைத்துப் பீங்கான் ஊசி செருகினால் இந்தத் தொல்லை இல்லை. நேரம் கழித்து எல்லாம் எரிந்தால் தொடக்க எலக்ட்ரான் போதவில்லை. ஒரு புற ஊதா விளக்கைக் கணநேரம் காட்டினால் போதும்.

துளைகளில் எரியாமல் தாள்களுக்கு நடுவே ஒளி பரவுகிறது. ஏன்?

இதற்கும் பாஷென் விதியே விடை. ஹீலியத்தின் கீழ்வரம்பு 4 டார்-சென்டிமீட்டரில் வருகிறது. 600 டாரில் அது 67 மைக்ரான் இடைவெளி. இடைவெளி அதைவிட மிகக் குறைந்தால் முறிவு மின்னழுத்தம் மறுபடி ஏறும். தாள்கள் அழுந்தி 5 மைக்ரான் மட்டுமே விலகியிருந்தால் அந்த ஏறுமுகப் பகுதியில் இருக்கிறோம், அங்கே பற்றாது. வளைக்கும்போது ஒரு தாள் எழும்பி 50 மைக்ரான் திறந்தால் துளையைவிட அந்த இடம் எளிதாகப் பற்றும். ஓரங்களை மட்டும் ஒட்டினால் நடுப்பகுதி எழும்பும். துளைகளுக்கு நடுவே மெல்லிய பசைக் கோடுகளால் பல இடங்களில் பிணையுங்கள்.

எவ்வளவு வளைக்கலாம்?

படலம் சுமார் 0.4% நீட்சியில் விரியத் தொடங்கும். வளைவின் வெளிப்பரப்பு நீட்சி என்பது தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தது. 125 மைக்ரான் தாளுக்கு எல்லை ஆரம் 16 மில்லிமீட்டர். நடைமுறையில் 35-க்குக் கீழே போகாதீர்கள், துளை ஓரங்களில் நீட்சி குவியும். ஒரே வளைவில் நிரந்தரமாக இருக்கப் போகிறதென்றால் தாளை முதலில் உருளையில் வளைத்துவிட்டு அதே வடிவில் ஆக்சைடு வளர்ப்பது எவ்வளவோ மேல், படலம் இழுபடாமலேயே பிறக்கும். அடிக்கடி மடங்க வேண்டிய பொருளுக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்தாது. மெல்லிய கம்பி வலையானால் கம்பியின் விட்டமே தடிமன் என்பதால் இன்னும் நெருக்கமாக வளைக்கலாம்.

நிறம் மாறிவிட்டது. கசிவா?

பெரும்பாலும் ஆம். ஹீலியத்தில் ஊதா கலந்தால் நைட்ரஜன் அயனியின் 391.4 நானோமீட்டர் கோட்டைத் தேடுங்கள், அது காற்றுக் கசிவு. 309-இல் ஹைட்ராக்சில் பட்டை வந்தால் கசிவு அல்ல, நுண்துளைகளில் தங்கிய நீர். வாயுவை மாற்றி ஒரு மணி நேரம் எரித்து, மறுபடி மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பிளாஸ்டிக் உறைக்குள் மூடிய சாதனத்தில் நிறமாற்றம் தவிர்க்க முடியாதது. ஹீலியம் வெளியேறும், நீராவி உள்ளே வரும். நீண்ட ஆயுள் வேண்டுமானால் மெல்லிய கண்ணாடியே உறை.

உண்மையில் எவ்வளவு வாட் எடுக்கிறது?

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் தவறான எண்ணே வரும், இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு கிட்டத்தட்ட 90 டிகிரி. சாதனத்தின் தரைப்பக்கத்தில் அதைவிட நூறு மடங்கு பெரிய பிலிம் கெபாசிட்டரைத் தொடராக இணையுங்கள், 1.8 நானோஃபாரட்டுக்கு 0.22 மைக்ரோஃபாரட். அதன் மின்னழுத்தம் மின்னூட்டத்தைச் சொல்லும். ஆசிலோஸ்கோப்பில் ஓர் அச்சில் அதையும் மற்றதில் சாதன மின்னழுத்தத்தையும் வைத்தால் ஓர் இணைகரம் வரும். அதன் பரப்பு ஒரு சுழற்சியின் ஆற்றல், அதிர்வெண்ணால் பெருக்கினால் வாட். பிளாஸ்மா எரியாதபோதும் அது தடித்த நீள்வட்டமாகத் தெரிந்தால் ஆக்சைடு கசிகிறது.

புற ஊதா ஒளிக்கு?

செனான் 172 நானோமீட்டரில், ஆர்கான் 126-இல் எக்சைமர் (கிளர்ந்த நிலையில் மட்டுமே கணநேரம் சேர்ந்திருக்கும் இரட்டை அணு) ஒளி தரும். அழுத்தம் அதிகமாக இருக்க வேண்டும், அதற்கு நுண்குழி பொருத்தமான இடம். சாதாரணக் கண்ணாடி இரண்டையும் விடாது. 172-க்குச் செயற்கைக் குவார்ட்ஸ் வேண்டும். துளைச் சுவரில் மெக்னீசியம் ஆக்சைடு பூசினால், பிளாஸ்மா தொலைக்காட்சிகளில் செய்ததுபோல, பற்றும் மின்னழுத்தம் குறையும், சுவரும் தேயாது.

என்ன ஆபத்துகள்?

20 நானோஃபாரட் சாதனம் 500 வோல்ட்டில் 2.5 மில்லிஜூல் வைத்திருக்கும். அது கொல்லாது, சப்ளை கொல்லும். வாயு அறையைத் திறக்கும் முன் சப்ளையைப் பிரித்து, 1 மெகாஓம் தடையத்தால் சில நொடி குறுக்கிணைத்து, பிறகு நேராகக் குறுக்கிணையுங்கள். காற்றோ ஆக்சிஜனோ கலந்தால் ஓசோன் வரும். பணியிட வரம்பு 0.1 பிபிஎம், மூக்கு அதற்கு முன்பே சொல்லிவிடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஆகவே வெளியேற்றக் குழாயை நம்புங்கள், மூக்கை அல்ல. ஆக்ஸாலிக் அமிலம் விழுங்கினால் நஞ்சு, தூளைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் வேண்டும். பளபளப்பாக்கப் பெர்குளோரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலக்கும் பழைய செய்முறை ஒன்று உலவுகிறது. அது வெடிக்கக்கூடிய கலவை, இந்தத் தடிமனான படலத்துக்குத் தேவையும் இல்லை.